எழுதிப் பிழைக்கிறவருக்கு எழுத்து வராமல் போகுமா?

திருகோணமலையிலிருந்து பத்திரிகைக்கு எழுதும் இளம் நிருபர் ஒருவர் என்னிடம் கேட்டது இது: "அக்கா, சுனாமியின் 20ஆவது ஆண்டு நினைவுக்கு எங்கள் கிராமத்தைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக உட்காருகிறேன், எழும்புகிறேன். முதல் பந்தியைத் தாண்டவில்லை. ஆசிரியபீடத்தில் சொன்னால், 'கடலுக்குப் போகிறவன் இன்றைக்கு வலை வீச வரவில்லை என்று சொல்லிக் கேட்டிருக்கிறீரா?' என்கிறார்கள். எழுத்தைத் தொழிலாகச் செய்கிறவருக்கு எழுத்துத் தடை என்று ஒன்று உண்மையிலேயே உண்டா? அல்லது சோம்பலுக்கு வைத்த பெயரா?"

உண்டு, தம்பி. மூன்று வாரமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நீட்டி முழக்கிப் பதில் சொல்வது நியாயமில்லை என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எழுதிப் பிழைக்கிறவருக்கு வரும் தடையின் முகம் வேறு. நமக்குப் பேனை அடியோடு நின்றுபோவது அபூர்வம். பேனை ஓடிக்கொண்டேயிருக்கும், ஒன்று மட்டும் வராது. உங்களையே பாருங்கள். இந்த மூன்று வாரத்தில் தேர்தல் செய்தி அனுப்பினீர்கள், கார்த்திகை வெள்ளத்தில் எந்தெந்த வீதி மூழ்கியது, எத்தனை குடும்பம் பாடசாலையில் தங்கியிருக்கிறது என்று ஒரு நாளும் தவறாமல் எழுதினீர்கள். எல்லாவற்றையும் வாசித்தேன். ஒன்றிலும் தடுமாற்றம் இல்லை. வராதது அந்த ஒரு கட்டுரை.

27 வருடமாக இந்த ஊரில் எழுதித்தான் சீவிக்கிறேன். இலங்கையில் தமிழில் கதை மட்டும் எழுதி வாழ்ந்தவர் அரிது. மூதூரின் வ. அ. இராசரத்தினம்கூட ஆசிரியத் தொழிலில் இருந்தபடிதான் எழுதினார். ஆகவே தொழில் எழுத்து என்றால் என்னைப் போன்றவர்களுக்குச் செய்தி, வாரவெளியீட்டுக் கட்டுரை, அரச சார்பற்ற நிறுவனங்களின் அறிக்கை, அதன் மொழிபெயர்ப்பு, கும்பாபிஷேக மலர், பாடசாலை மலர், திருமண வாழ்த்து மடல். எல்லாவற்றையும்விடக் கூடுதலாக நான் எழுதியது கல்வெட்டு. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரைத்தான் இங்கே கல்வெட்டு என்கிறோம். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வம்ச வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று அதற்கு ஒரு முறை இருக்கிறது. 31ஆம் நாளை யாரும் தள்ளிப்போட முடியாது. அச்சகத்துக்கு ஒரு வாரம் வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் போய் உட்கார்ந்து, கேட்டு, எழுதி, பிழை திருத்தி, 24ஆம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 300க்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்றுகூடப் பிந்தியதில்லை.

2019 வைகாசியில் என் அக்கா தவறிப்போனார். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஆறு வாரமும் ஆகவில்லை. செய்திக்குப் பஞ்சமில்லாத நாட்கள். துடக்கு வீட்டிலிருந்தே தொலைபேசியில் விசாரித்துச் செய்தி எழுதினேன். ஏற்கனவே ஒப்புக்கொண்ட 40 பக்க அறிக்கை ஒன்றை மொழிபெயர்த்து முடித்தேன். பக்கத்து ஒழுங்கையில் இறந்த ஒரு பெரியவரின் கல்வெட்டையும் எழுதிக்கொடுத்தேன். அக்காவின் கல்வெட்டு மட்டும் 23 நாளாக ஒரு வரியும் நகரவில்லை. அந்த நாட்களில் யாராவது வந்து "தடை என்று ஒன்றுமில்லை, உட்கார்ந்தால் வரும்" என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. உட்கார்ந்துதான் இருந்தேன்.

அது எப்படி நகர்ந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் ஆசிரியபீடத்தின் கேள்விக்கு வருகிறேன்.

திருக்கடலூர்க் கரையில் ஒரு நாள் நின்று பார்த்தவர் அப்படிக் கேட்கமாட்டார். இப்போது வாடைக் காலம். படகுகள் மணலில் ஏறிக் கிடக்கின்றன. கடலுக்கு இறங்காதவர்கள் வலையை மடியில் போட்டுக்கொண்டு கண் கண்ணாகப் பார்த்துத் தைக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. சோளகம் தொடங்கினால் மேற்குக் கரையிலிருந்துகூட ஆட்கள் இங்கே வந்து வாடி என்னும் குடில் போட்டுத் தொழில் செய்கிறார்கள். வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் கடற்றொழிலாளரிடம் தனித்தனிப் பெயர் இருக்கிறது. எந்தக் காற்று என்று தெரிந்தால்தான் படகை இறக்குவதா ஏற்றுவதா என்று முடிவு செய்யலாம். எழுதுகிறவர்கள் நாம்தான் எல்லாக் காற்றுக்கும் "தடை" என்று ஒரே பெயரை வைத்துக்கொண்டு தவிக்கிறோம்.

அந்த ஒரே பெயரும் நம்முடையதல்ல. வியன்னாவிலிருந்து நியூயோர்க்குக்குப் போன எட்மண்ட் பெர்க்லர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1947 இல் ஆங்கிலத்தில் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். குழந்தைப் பருவத்தில் தாய்ப்பால் தொடர்பாக ஏற்பட்ட ஏக்கத்திலும் மனக்காயத்திலும் அதன் வேர் இருப்பதாக அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை; இன்று அதைத் தூக்கிப் பிடிப்பவர்களும் மிகக் குறைவு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் பேசிவந்த விதமோ வேறு. "எழுத வரவில்லை" என்போம். "கை ஓடவில்லை" என்போம். "மனம் ஒட்டவில்லை" என்போம். "வாய்க்கு வருகிறது, கைக்கு வரவில்லை" என்போம். நான்கும் நான்கு நிலை. கை ஓடாதவரிடம் விஷயம் இருக்கிறது, தெம்பு இல்லை. மனம் ஒட்டாதவரிடம் தெம்பு இருக்கிறது, அந்த விஷயத்தோடு உறவு இல்லை. வாய்க்கு வந்து கைக்கு வராதவர் யாருக்கோ பயப்படுகிறார். "எனக்கு எழுத வரவில்லை" என்னும்போது எழுத்துத்தான் வாக்கியத்தின் எழுவாய். அது எங்கிருந்தோ வர வேண்டும், வரவில்லை. நம் மொழி பழியை எழுதுகிறவர் தலையில் சுமத்தாமல் விட்டிருப்பது எனக்கு எப்போதும் ஆறுதல்.

பேனை ஓடியபடியே ஒன்று மட்டும் வராத நிலைக்கு ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜை விடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. அவருடைய பேர்பெற்ற கவிதைகளில் பெரும்பாலானவை அவரது இருபதுகளில் எழுதப்பட்டவை. 1804 இல், தன் 32ஆவது பிறந்தநாளில், ஒரு வருடம் முழுதும் போய்விட்டது, ஒரு மாதத்தின் விளைச்சல்கூட இல்லையே என்று குறிப்பேட்டில் வெட்கமும் துக்கமுமாக எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வேலை மால்டாத் தீவில். நம் துறைமுகத்தைப் போலவே பிரித்தானியக் கடற்படை ஆண்ட ஒரு துறைமுகம். அங்கே நிர்வாகியின் செயலாளராக அலுவலகக் கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தார். பின்னாளில் விரிவுரை நிகழ்த்தினார், பத்திரிகைக்கு எழுதினார், இலக்கிய விமர்சனம் எழுதினார். உரைநடை வந்துகொண்டேயிருந்தது. கவிதைதான் பழையபடி வரவில்லை. அபின் பழக்கமும் அவரைத் தின்றது. அமெரிக்காவில் ஜோசப் மிச்செல் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாளர் 1964க்குப் பிறகு தன் சஞ்சிகையில் பெரிதாக ஒன்றும் வெளியிடவில்லை. 1996 இல் இறக்கும் வரை அலுவலகத்துக்கு வந்துபோனார். தொழில் தெரியாதவர், சோம்பேறி என்று இவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அதே நேரம், உங்கள் ஆசிரியபீடம் முழுக்கத் தவறு என்றும் சொல்லமாட்டேன். 1983 இல் ரொபர்ட் பொய்ஸ் என்ற உளவியலாளர் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 27 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினர் அவசியமானதைத் தவிர எதையும் எழுதக் கூடாது. இன்னொரு பகுதியினர் மனம் வந்தபோது எழுதலாம். மூன்றாம் பகுதியினர் குறித்த நேரத்தில் எழுதியே ஆக வேண்டும். தவறினால் தங்களுக்குப் பிடிக்காத அமைப்பு ஒன்றுக்குப் பணம் போய்விடும். கட்டாயத்துக்கு உட்பட்டவர்கள்தான் மிகக் கூடுதலான பக்கங்கள் எழுதினார்கள். அதைவிட முக்கியம், புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின. மனம் வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு எண்ணமும் குறைவாகவே வந்தது. எழுத்து எண்ணத்தைத் தேடிப் போவதில்லை, எழுதும்போதே எண்ணம் கூடி வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். தபால் இலாகாவில் வேலை பார்த்தபடி அதிகாலையில் எழுந்து, மணிக்கூட்டை முன்னால் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று கணக்கிட்டு எழுதிய அந்தோனி ட்ரோலப் 47 நாவல் எழுதினார்.

ஆனால் கட்டாயம் இல்லாதவருக்குத்தான் கட்டாயம் மருந்து. நமக்கு அது ஏற்கனவே இருக்கிறது. பக்கம் மூடும் நேரம் இருக்கிறது, அச்சகம் இருக்கிறது, 31ஆம் நாள் இருக்கிறது. அத்தனையும் இருந்தும் ஒன்று வரவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் இறுக்கினால் வரும் என்று நினைப்பது வீண். எந்தக் காற்று என்று பார்க்க வேண்டும்.

நான் பார்த்த வரையில் பாதிக்கு மேல் வெறுங்கைதான். சொல்ல ஒன்றும் சேராமல் சொல்லத் தொடங்குகிறோம். 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் 2015 இல் திரும்பத் தொடங்கியபோது ஒரு கட்டுரைக்கு ஒப்புக்கொண்டேன். கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்தில் புள்ளிவிபரம் வாங்கினேன், வர்த்தமானி அறிவித்தல் வாங்கினேன், இரண்டு அதிகாரிகளோடு பேசினேன். மேசை நிறையக் காகிதம். ஆனால் நான்கு நாளாகக் கட்டுரை கல் மாதிரிக் கிடந்தது. எனக்கு வயது போய்விட்டது, சொல் வற்றிவிட்டது என்றுகூட நினைத்தேன். ஐந்தாம் நாள் பஸ் ஏறினேன். முன்பு பாதை என்னும் மிதவையில் ஏறிக் கடந்த கிண்ணியாவை இப்போது பாலத்தால் கடக்கிறோம். மூதூரில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். பற்றை மண்டிய ஒரு வளவில் ஓர் அம்மா கத்தியோடு நின்றிருந்தார். வேலியும் இல்லை, வீடும் இல்லை. எது தன் காணி என்று அவருக்கே பிடிபடவில்லை. கிணற்றைத் தேடிக்கொண்டிருந்தார். கிணறு அகப்பட்டால் அதிலிருந்து இத்தனை அடி கிழக்கே குசினி, குசினியிலிருந்து இத்தனை அடி தெற்கே மாமரம் என்று அளந்து வளவைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். நானும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு தேடினேன். அன்றிரவு 1,200 சொல் எழுதினேன். தடை எங்கே போனது? அது தடையே இல்லை. பார்க்காததை எழுத என் கை மறுத்தது. அப்படி மறுத்த கைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். இராமேச்சுரத்தில் நின்றபடி கடல் கடந்த கோணமாமலையைச் சம்பந்தர் பாடினார் என்பது நம் ஊரின் பெருமை. அது ஞானசம்பந்தருக்கு வாய்த்தது. நிருபருக்குப் போய்ப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்தது, எழுதும்போதே தலைக்குள் இருந்து திருத்தும் ஆள். மைக் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980 இல் பத்துப் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்தார். ஐந்து பேர் தடைப்பட்டு நின்றவர்கள், ஐந்து பேர் தங்குதடையின்றி எழுதியவர்கள். திறமையில் வித்தியாசம் இருக்கவில்லை. தடைப்பட்டவர்கள் சில விதிகளை மாற்றமுடியாத கட்டளை போலப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் பந்தியிலேயே வாசகரைப் பிடித்துவிட வேண்டும் என்பது ஒரு மாணவியின் விதி. அந்த ஒரு பந்திக்கே மணிக்கணக்கு போனது. மற்றவர்களிடமும் விதிகள் இருந்தன. சரிவராத இடத்தில் அவர்கள் அதைக் கைவிடத் தயாராக இருந்தார்கள். அவ்வளவுதான் வேறுபாடு.

இதை நம் முன்னோர் வேறு விதமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். முதல் அடி எவ்வளவு கடினமென்றால், அதைக் கொடுக்க இறைவனே வரவேண்டியிருந்தது. சுந்தரருக்குப் "பித்தா", சேக்கிழாருக்கு "உலகெலாம்", அருணகிரிநாதருக்கு "முத்தைத்தரு", கச்சியப்ப சிவாசாரியாருக்குத் "திகடசக்கரம்". அடியெடுத்துக் கொடுத்தல் என்ற தொடரே அதற்கென்று நம்மிடம் இருக்கிறது. அத்தனை பெரியவர்களுக்கும் முதற்சொல் வெளியிலிருந்து வந்ததாக நம்பிய ஒரு மரபில் பிறந்துவிட்டு, முதல் வரி தனக்குள்ளிருந்தே வரவில்லை என்று நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. நான் எப்போதும் முதல் வரியை இன்னொருவரிடம்தான் வாங்குகிறேன். கொப்பியில் யாரோ சொன்னதாக எழுதி வைத்த வாக்கியம் எதுவோ, அதை அப்படியே மேலே வைத்துவிட்டுத் தொடங்குவேன். பின்னால் அதை எடுத்துவிடலாம். சம்பூர்க் கட்டுரைக்கு அந்த அம்மாவின் கிணறு அடியெடுத்துக் கொடுத்தது.

கச்சியப்பர் கதையில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. அவர் கந்தபுராணத்தை நாளொன்றுக்கு நூறு பாடலாக எழுதிக் குமரகோட்டத்துக் கருவறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாராம். இரவில் முருகனே திருத்தி வைப்பாராம். கோவிலில் புராணபடனம் கேட்டு வளர்ந்த நமக்குத் தெரிந்த கதைதான். எழுத்துத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு அதில் ஒரு தொழில்முறை இருப்பது தெரிந்தது. பகலில் எழுதுகிற கை வேறு, இரவில் திருத்துகிற கை வேறு. எழுதும்போது திருத்துகிறவர் கிட்டவே வருவதில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல் அப்படித்தான் ஆனது. இன்னொன்றும் பாருங்கள்: முருகனே கொடுத்த முதற்சொல்லிலும் அரங்கேற்றத்தில் இலக்கணப் பிழை சொன்னார்கள். வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டித்தான் அதை நிறுவ வேண்டியிருந்தது. பிழை சொல்ல ஆள் இருக்கத்தான் செய்வார்கள். அது அரங்கேற்றத்து வேலை, எழுதும் நாளின் வேலை அல்ல.

இனி நான் சொல்லப்போவதைத் தடையோடு சேர்த்துப் பேசவே எனக்கு மனமில்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறவர் அதைச் சொல்லாமல் போக முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் சுடப்பட்டுத்தான் இறந்தார்கள் என்பதைச் சுடர் ஒளி நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் உலகுக்குக் காட்டின. அதே ஜனவரி 24ஆம் திகதி அவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகான மாதங்களில் எங்களில் பலருக்கு எழுத்து வரவில்லை. வந்ததை நாங்களே அழித்தோம். பெயரில்லாமல் அனுப்பினோம், அனுப்பாமலும் விட்டோம். அதை எழுத்துத் தடை என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள். அது பயம். உயிர்ப் பயத்துக்குக் காலை ஐந்து மணிக்கு எழுவதும் மணிக்கூடு வைப்பதும் பரிகாரமாகாது. தமிழ்நாட்டில் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவித்ததும் தடையால் அல்ல, தன் நாவல் ஒன்றை எதிர்த்தவர்களின் அழுத்தத்தால். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு அவர் திரும்பி வந்தபோது, மௌனமாக இருந்த காலத்தில் எழுதிய கவிதைகளோடு வந்தார். வாய் மூடப்பட்டிருந்தது, எழுத்து உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஒருவர் ஏன் எழுதவில்லை என்று கேட்கும் முன், எழுதினால் அவருக்கு என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

உடம்பும் மனமும் சோர்ந்துபோவது இன்னொன்று. எழுத்து மட்டுமல்ல, சாப்பாடு, நித்திரை, ஆட்களோடு பேசுவது எல்லாமே வாரக்கணக்கில் விட்டுப்போனால் அது எழுத்தின் பிரச்சினை அல்ல. வைத்தியரிடம் போக வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். எழுதுகிறவர்கள் இதைக் கலைஞனின் வேதனை என்று பெருமையாகச் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து சுமக்காதீர்கள்.

பெண்களுக்கு நேரமே தடை. நான் எழுதியதில் பெரும்பகுதி சோறு கொதிக்கிற இடைவெளியில் எழுதியது. அது தனியே ஒரு நாள் பேச வேண்டியது.

இப்போது உங்கள் கட்டுரை. நீங்கள் அனுப்பிய முதல் பந்தியின் ஏழு வடிவங்களையும் வாசித்தேன். ஏழும் "2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை" என்றுதான் தொடங்குகின்றன. ஏழிலும் நாடு முழுவதும் ஏறத்தாழ 35,000 பேர் என்ற கணக்கு வருகிறது. பிறகு உங்கள் கிராமத்தின் பெயர் வருகிறது. அங்கே நின்றுவிடுகிறது. வெறுங்கை என்று சொல்ல முடியாது. அது நீங்கள் பிறந்த ஊர், அன்றைக்கு உங்களுக்கு ஆறு வயது. பயமும் இல்லை, யாரும் உங்களை எதுவும் செய்யப்போவதில்லை. சோர்வும் இல்லை, வெள்ளத்துக்குள் இடுப்பளவு நீரில் நின்று செய்தி அனுப்பியவர் நீங்கள். ஆகவே அக்காவின் கல்வெட்டுக்கு வருகிறேன்.

24ஆம் நாள் காலை அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். மற்றதெல்லாம் பிறகு தாருங்கள், முதல் பக்கத்தைக் கோர்க்க வேண்டும், திதி வெண்பாவையாவது தாருங்கள் என்றார்கள். வெண்பா என்றால் கணக்கு. விகாரி வருடம், வைகாசி மாதம், அபரபக்க ஏகாதசி. அத்தனையும் தளை தட்டாமல் பதினைந்து சீருக்குள் அடங்க வேண்டும், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாட்டுக்குள் நிற்க வேண்டும். மனம் எங்கே இருந்தாலும் கை அதைச் செய்யும். செய்தது. அந்தச் சூட்டோடு வம்ச வரலாற்றையும் எழுதினேன், பெயர்கள்தானே. பிறகு "அன்பின் உருவான அக்கா" என்று தொடங்கினேன். கை நின்றது. 23 நாளும் அந்த வாக்கியத்தில்தான் நின்றிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்காவும் நானும் நான்கு வருடம் பேசவில்லை. ஒரு காணி உறுதியில் வந்த பிணக்கு. அவர் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரத்தில்தான் நான் போனேன், அப்போது அவருக்கு ஆளை மட்டுப்பிடிக்க முடியவில்லை. இதை ஊர் அறியும், உறவு அறியும். கல்வெட்டில் எழுத முடியாது. ஆனால் அதை எங்கேயும் எழுதாமல் "அன்பின் உருவான" என்று எழுத என் கை சம்மதிக்கவில்லை. கொப்பியை எடுத்து, தேதி போட்டு, "நாங்கள் நான்கு வருடம் பேசவில்லை, பிழை கூடுதலாக என்னுடையது" என்று எழுதினேன். எழுதிவிட்டு அரைமணி நேரம் கதிரையிலேயே இருந்தேன். பிறகு ஒன்றொன்றாக வந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் பாரில் என்னை ஏற்றிக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ளியது. கோட்டைக்குள் மானைக் கண்டால் தன் சாப்பாட்டை அதற்குக் கொடுத்துவிட்டு என் சாப்பாட்டில் பங்கு கேட்டது. என் முதல் செய்தி பத்திரிகையில் வந்தபோது அதை வெட்டிச் சாமியறையில் ஒட்டியது. "அன்பின் உருவான" என்ற சொல்லே தேவைப்படவில்லை. மாலை நான்கு மணிக்கு முழுவதையும் அச்சகத்தில் கொடுத்தேன்.

31ஆம் நாள் கன்னியாவில் கிரியை முடித்து வந்து 200 பிரதி கொடுத்தோம். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வந்ததாகச் சொல்லும் அந்த வெந்நீர்க் கிணற்றடியில் எத்தனையோ குடும்பங்களோடு நின்றிருக்கிறேன், அன்றைக்குத்தான் என் வீட்டுக்காக நின்றேன். மலரில் அந்த வாக்கியம் இல்லை. கொப்பியில் இருக்கிறது.

தம்பி, உங்கள் ஏழு பந்தியிலும் "நான்" என்ற சொல் ஒரு தடவையும் வரவில்லை. 35,000 பேர் வருகிறார்கள், கிராமம் வருகிறது, அலை வருகிறது. ஆறு வயதுப் பையன் வரவில்லை. அவன் அன்று எங்கே நின்றான், யாருடைய கையைப் பிடித்திருந்தான் என்பதை நான் கேட்கப்போவதில்லை. கட்டுரையில் போட வேண்டும் என்றும் சொல்லவில்லை. 26ஆம் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கணினியை மூடிவிட்டு ஒரு கொப்பியில் அவனைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். எனக்குக்கூடக் காட்ட வேண்டாம்.